பாப் மார்லியின் பாடல்களைத் தாங்கிய பேஸ் கிதார்: ஆஸ்டன் ‘ஃபேமிலி மேன்’ பேரட்

ஆஸ்டன் பேரட்டை ஜமைக்காவின் ‘ரெகே இசையின் சிற்பி’ என்று சொல்கிறார்களே, அவர் ரெகே பாடகர் பாப் மார்லிக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்தானே, இந்தப் பட்டம் மிகையில்லையா என்பது கேள்வி. மிகையில்லை என்பதே என் பதில். ஆனால் அதை விளக்க அவருடைய வாழ்க்கைக் குறிப்பை மட்டும் சொன்னால் போதாது. ரெகேயில், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதார் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘பக்கவாத்தியம்’ என்ற எண்ணமே அந்த இசைக்குப் பொருந்தாது. அங்கே பாடகரின் குரல் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது, பேஸ் இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும். பல பாடல்களில் கேட்பவர் நினைவில் முதலில் பதிவது இரண்டாவதுதான்.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததன்று. 1960களின் தொடக்கத்தில் ஜமைக்காவில் கோலோச்சிய ஸ்கா இசை வேகமானது. ஊதுகருவிகள் முன்னே நிற்கும், ஆளுயர டபுள் பேஸ் பின்னாலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரமாக நடந்துகொண்டிருக்கும். ஸ்கட்டலைட்ஸ் குழுவின் லாயிட் பிரெவெட் அந்தக் காலத்தின் முதன்மையான பேஸ் கலைஞர். 1966ஐ ஒட்டி வேகம் தணிந்து ‘ராக்ஸ்டெடி’ பிறந்தபோது, ஊதுகருவிகள் பின்வாங்கின, மின் பேஸ் கிதார் முன்னே வந்தது. தாளத்தின் ஓட்டம் மெதுவானதால் சுரங்களுக்கு நடுவே இடம் கிடைத்தது. அந்த இடத்தில் பேஸ் கலைஞர்கள் சிறு சிறு மெட்டுகளை அமைக்கத் தொடங்கினார்கள். ட்ரெஷர் ஐல் இசைத்தட்டு நிறுவனத்தில் ஜாக்கி ஜாக்சனும், ஸ்டுடியோ ஒன்னில் லெராய் சிப்பிள்ஸும் செய்த வேலை இது. தெருவில் அலமாரி அளவு ஒலிபெருக்கிகளை அடுக்கி ‘சவுண்ட் சிஸ்டம்’ நடத்தியவர்கள் அடிநாதத்தையே விரும்பினார்கள், அதை நெஞ்சில் உணர்ந்து ஆடவே மக்களும் வந்தார்கள். ஆகவே பேரட் வெறும் நிலத்தில் வீடு கட்டவில்லை. அடித்தளம் அவருக்கு முன்பே போடப்பட்டிருந்தது. இந்த ஒரு திருத்தத்தோடு ‘சிற்பி’ என்ற பட்டத்தை ஏற்கலாம்.

ஆஸ்டன் பிரான்சிஸ் பேரட் 1946 நவம்பர் 22 அன்று கிங்ஸ்டனில் பிறந்தார். தம்பி கார்ல்டன் அவருக்கு நான்கு வயது இளையவர். இருவரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆஸ்டன் வெல்டிங் வேலை பார்த்தவர். கருவி வாங்கப் பணம் இல்லாததால் ஒட்டுப்பலகையை வெட்டி உடலாக்கி, நீண்ட மரச்சட்டத்தைக் கழுத்தாகப் பொருத்தி, திரைச்சீலைக் கம்பியை நரம்பாக்கித் தம் முதல் பேஸைத் தாமே செய்துகொண்டார். கார்ல்டனின் முதல் டிரம்ஸ் காலிப் பெயின்ட் டப்பாக்களால் ஆனது. வறுமையிலிருந்து எழுந்த மேதை என்ற வழக்கமான கதையாக இதை வாசிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒருவர் பேஸும் இன்னொருவர் டிரம்ஸும் கற்றார்கள் என்பதுதான் இதில் முக்கியமானது. பின்னாளில் பேஸும் டிரம்ஸும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே மூச்சில் நின்று, ஒரே மூச்சில் புறப்படும் அந்த ஒழுங்கு ஒத்திகையால் மட்டும் வந்திருக்க முடியாது.

அண்ணனும் தம்பியும் 1960களின் பிற்பகுதியில் ‘ஹிப்பி பாய்ஸ்’ என்ற குழுவில் சேர்ந்து வாசித்தார்கள். 1968இல் ‘யூனிக்ஸ்’ குழு பாடிய ‘வாட்ச் திஸ் சவுண்ட்’ தம் முதல் ஒலிப்பதிவுகளில் ஒன்று என்று ஆஸ்டன் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே அவர்கள் கைவரிசை கடல் கடந்தது. ஹாரி ஜான்சன் தயாரிப்பில் ‘ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்த ‘லிக்விடேட்டர்’ என்னும் வாத்தியப் பாடல் 1969இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. அதில் வின்ஸ்டன் ரைட்டின் ஆர்கன் ஒலியைத்தான் எல்லோரும் குறிப்பிடுவார்கள். ஆனால் அமெரிக்காவின் ஸ்டேபிள் சிங்கர்ஸ் குழு 1972இல் வெளியிட்டு, அந்நாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘ஐல் டேக் யூ தேர்’ பாடலின் தொடக்கம் எதை எடுத்துக்கொண்டது என்று கேட்டுப் பாருங்கள்: ‘லிக்விடேட்டர்’ இன் பேஸ் வரியையும் தாளக்கட்டையும்தான். அந்த அமெரிக்கப் பாடலின் ஆசிரியர் என்ற இடத்தில் ஜமைக்காக்காரர் எவர் பெயரும் இல்லை. பேரட்டின் வாழ்க்கையில் பிற்பாடு வரப்போகும் பெரிய வழக்கின் சாரம் இந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே இருக்கிறது.

அதே காலத்தில் தயாரிப்பாளர் லீ பெர்ரி, தம் ‘அப்செட்டர்ஸ்’ என்ற பெயருக்கு ஒரு நிலையான குழுவைத் தேடிக்கொண்டிருந்தார். ‘ரிட்டர்ன் ஆஃப் ஜாங்கோ’ பிரிட்டனில் ஐந்தாம் இடம் வரை போனதால் அங்கே சுற்றுப்பயணம் செய்ய ஆள் வேண்டியிருந்தது. ஹிப்பி பாய்ஸ் குழுவினர் அப்செட்டர்ஸ் ஆனார்கள். 1970, 71இல் பாப் மார்லி, பீட்டர் டாஷ், பன்னி லிவிங்ஸ்டன் மூவரும் பெர்ரியிடம் வந்தபோது அவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்கள் இந்தப் பேரட் சகோதரர்களே. இம்மூவரும் பாடிவந்த, 1963இல் தொடங்கிய வெய்லர்ஸ் அதுவரை அடிப்படையில் ஒரு பாட்டுக் குழு. ஒலிப்பதிவுக்குப் போகும் இடத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களே வாசிப்பார்கள். பெர்ரியிடம் பதிவான ‘டப்பி கான்கரர்’, ‘ஸ்மால் ஆக்ஸ்’ ஆகியவற்றைக் கேட்டால், அந்தக் குரல்களுக்கு முதன்முறையாகத் தனக்கென ஒரு நடை கிடைத்துவிட்டதை உணரலாம். மார்லியும் உணர்ந்தார். பெர்ரியை விட்டு விலகும்போது இந்த இரு சகோதரர்களையும் தம்மோடு அழைத்துக்கொண்டார். பெர்ரிக்கு அது கடுங்கோபத்தை மூட்டியது. என்னைக் கேட்டால், மார்லி தம் வாழ்க்கையில் எடுத்த தொழில் முடிவுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை.

ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் 1972இல் வெய்லர்ஸை நம்பி முன்பணம் கொடுத்து, ராக் குழுக்களைப் போல ஒரு முழு இசைத்தொகுப்பைச் செய்யச் சொன்னார். 1973இல் வந்த ‘கேட்ச் எ ஃபயர்’ அதன் விளைவு. கிங்ஸ்டனில் பதிவான ஒலிநாடாக்களில் லண்டனில் வெள்ளைக்காரக் கலைஞர்களின் கிதாரும் கீபோர்டும் சேர்க்கப்பட்டன. சேர்க்கப்படாத ஜமைக்கா வடிவம் 2001இல்தான் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மேலே எத்தனை அலங்காரம் ஏற்றினாலும் கீழே இருக்கும் பேஸும் டிரம்ஸும் அசையவில்லை என்பது தெரியும். இங்கே அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அந்தத் தொகுப்பின் முதல் பாடலான ‘கான்கிரீட் ஜங்கிள்’ இல் பேஸ் வாசித்தவர் ஆஸ்டன் இல்லை. ராபி ஷேக்ஸ்பியர் என்ற இளைஞர். அவர் ஆஸ்டனிடம் பாடம் கற்றவர். பின்னாளில் டிரம்ஸ் கலைஞர் ஸ்லை டன்பாருடன் இணைந்து உலகப் புகழ் பெற்ற அதே ராபிதான். அதனால் அந்தத் தொகுப்பின் வாசலில் உலகத்தை வரவேற்றது ஆசிரியரின் கை அன்று, மாணவரின் கை.

இனி ஆஸ்டன் என்னதான் வாசித்தார் என்பதற்கு வருகிறேன். மேற்கத்திய ராக், சோல் இசைகளில் நான்கு தட்டுகள் கொண்ட வட்டத்தின் முதல் தட்டே இறங்குமிடம். பெரிய டிரம் அங்கே விழும், பேஸும் அங்கே விழும். கார்ல்டன் புகழ்பெறச் செய்த ‘ஒன் டிராப்’ என்ற தாளமுறையில் அந்த முதல் தட்டு காலியாக விடப்படுகிறது. டிரம்ஸின் எடை மூன்றாம் தட்டில் இறங்குகிறது. கிதாரும் கீபோர்டும் தட்டுகளுக்கு இடையிலான எடுப்புகளில் வெட்டி வெட்டி ஒலிக்கும். ஆக, தரை என்று கால் வைக்கும் இடத்தில் தரை இல்லை. இப்படிப்பட்ட தாளத்தில் பாடல் சிதறிவிடாமல் பிடித்து நிறுத்தும் பொறுப்பு பேஸின் தலையில் விழுகிறது. ஆஸ்டன் அதை அதிக சுரங்களால் நிரப்பிச் செய்யவில்லை. இரண்டு வட்டங்களுக்குள் முடியும் ஒரு சிறு சொற்றொடரை எடுத்துக்கொள்வார். அதில் பாதி ஒலி, பாதி மௌனம். முதல் தட்டில் சில பாடல்களில் நிற்பார், சிலவற்றில் வேண்டுமென்றே தவறவிட்டு அடுத்த அரைத்தட்டில் புகுவார். அந்தத் தொடரைப் பாடல் முடியும்வரை ஏறக்குறைய மாற்றாமல் திருப்புவார். மாற்றாமல் திருப்புவது எளிது என்று நினைப்பவர்கள் ஐந்து நிமிடம் வாசித்துப் பார்க்கட்டும்; ஒரு சுரத்தை எங்கே தொடங்குவது என்பதைவிட எங்கே அமர்த்துவது என்பதே கடினம், அதில் இம்மி பிசகினாலும் அந்தச் சாய்ந்த நடை போய்விடும்.

அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதில் மேற்பரப்பு வழவழப்பான, தட்டையாகச் சுற்றப்பட்ட நரம்புகளைக் கட்டியிருந்தார். உலோகக் கீச்சொலி எழாமல், உருண்டு திரண்ட நாதம் மட்டும் வரும். டிரம்ஸ் இதயத் துடிப்பு, பேஸ் முதுகெலும்பு. பேஸ் சரியில்லை என்றால் இசைக்கு முதுகுவலி வந்துவிடும் என்று நேர்காணல்களில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தாம் பேஸ் வாசிக்கும்போது ஆண்குரலின் நடுத்தரச் சுருதியில் (பாரிடோன்) ஒரு பாடகராகப் பாடிக்கொண்டிருப்பதாகவே கருதுவதாகவும் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கூற்றே எனக்கு அதிகம் உதவியது. அவருடைய வரிகளை வாய்விட்டுப் பாட முடியும். பல நல்ல பேஸ் கலைஞர்களின் வரிகளை அப்படிப் பாட முடியாது.

எடுத்துக்காட்டாக ‘நோ உமன், நோ க்ரை’. 1974இன் ‘நாட்டி டிரெட்’ தொகுப்பில் இருக்கும் வடிவத்தில் இயந்திரத் தாளம் ஒலிக்கிறது. உலகம் அறிந்தது 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பதிவான வடிவம். அதன் தொடக்கத்தில் இறங்கிவரும் அடிநாதத்தை நம் சுரங்களில் சொன்னால் ச, நி, த, ம. ஆர்கன் மேலே அதையே தழுவிக்கொண்டு இறங்குகிறது. குரல் எங்கும் அவசரப்படாமல் இருக்க முடிவதற்குக் காரணம், இந்த இறக்கம் ஒவ்வொரு முறையும் அதே நிதானத்தோடு வந்து சேரும் என்று பாடுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருப்பதுதான். அரங்கமே சேர்ந்து பாடும்போதும் ஆஸ்டன் அந்த நிதானத்தை மாற்றவில்லை.

‘எக்ஸோடஸ்’ இதற்கு நேரெதிர். 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் தம் வீட்டில் சுடப்பட்ட மார்லி, ஜமைக்காவை விட்டு லண்டன் போய்த் தங்கியிருந்தபோது 1977இல் உருவான பாடல் அது. ஏழரை நிமிடங்களுக்கு மேல் ஓடும் அந்தப் பாடலில் அடிப்படையில் ஒரே ஒரு கார்டுதான் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) இருக்கிறது. கார்டு மாறாத பாடலில் முன்னேறுகிறோம் என்ற உணர்வை எதைக் கொண்டு தருவது? இங்கே கார்ல்டன் ஒன் டிராப்பை விட்டுவிட்டு எல்லாத் தட்டுகளிலும் கால் பதிக்கிறார். ஆஸ்டன் நடைப்பயணத்துக்குரிய ஒரு சுருக்கமான, பிடிவாதமான தொடரை விடாமல் செலுத்துகிறார். பெருங்கூட்டம் ஒன்று புறப்பட்டுப் போகிறது என்ற செய்தியைச் சொற்களைவிட அந்தத் தொடரே அதிகம் சொல்கிறது. அந்தப் பாடலின் பெயரைத் தாங்கிய இசைத்தொகுப்பை 1999இல் டைம் இதழ் நூற்றாண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது. அதே தொகுப்பில் இருக்கும் ‘வெயிட்டிங் இன் வெயின்’ என்ற காதல் பாட்டில் ஆஸ்டன் முற்றிலும் வேறு ஆள்: குரல் கெஞ்சுகிறது, பேஸ் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போகிறது.

1974இல் டாஷும் லிவிங்ஸ்டனும் பிரிந்து போனார்கள். குழுவின் பெயர் ‘பாப் மார்லி அண்ட் த வெய்லர்ஸ்’ ஆயிற்று. அதற்குப் பிறகு இசைக் குழுவை நடத்தியவர் ஆஸ்டன்தான். யார் எதை வாசிப்பது, எங்கே நிறுத்துவது, பாடலை எந்த வேகத்தில் எடுப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தன. 1976இன் ‘ராஸ்டமேன் வைப்ரேஷன்’ தொகுப்பின் ஒலிக்கலவையில் பிளாக்வெல்லோடு அவர் பெயரும் இருக்கிறது. ‘ஃபேமிலி மேன்’ என்ற பட்டப்பெயரும், குழுவை ஒரு குடும்பமாகக் கட்டிக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டது என்றே அவர் விளக்கியிருக்கிறார். நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தந்தை என்று பிற்காலத்தில் பத்திரிகைகள் எழுதியபோது பெயருக்கு இன்னொரு பொருத்தமும் சேர்ந்துகொண்டது.

மார்லியோடு மட்டும் நிறுத்திவிட்டால் அவர் பங்கு குறைத்துச் சொல்லப்பட்டதாகும். ரெகே பாடகர் பர்னிங் ஸ்பியரின் 1975ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘மார்கஸ் கார்வி’ இல் அவரும் ராபி ஷேக்ஸ்பியரும் பேஸ் வாசித்திருக்கிறார்கள். அகஸ்டஸ் பாப்லோவின் டப் தொகுப்பான ‘கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ இலும் பேரட் சகோதரர்கள் உண்டு. டப் என்பது, பாடப்பட்ட பாடலிலிருந்து குரலை உருவி எடுத்து, மற்ற கருவிகளையும் அவ்வப்போது மறைத்து, எதிரொலிகளைக் கூட்டி ஒலிப்பொறியாளர் செய்யும் மறுபடைப்பு. எல்லாவற்றையும் எடுத்த பிறகும் விடாமல் நிற்பவை பேஸும் டிரம்ஸும்தான். அவை நிற்கும்வரை அது அந்தப் பாடல்தான் என்று ஜமைக்காவில் எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒரு பேஸ் வரியும் அதன் தாளக்கட்டும் சேர்ந்ததை அங்கே ‘ரிடிம்’ என்பார்கள். ஒவ்வொரு ரிடிமுக்கும் தனிப்பெயர் உண்டு. ஒரே ரிடிமின் மேல் பத்துப் பேர், நூறு பேர் வெவ்வேறு பாடல்களைப் பாடுவார்கள். அதாவது அந்த மக்களின் இசை வழக்கில் பேஸ் வரிக்குத் தனி உயிர் இருக்கிறது. அதை அங்கீகரிக்காதது வழக்கம் அன்று, சட்டம்.

மார்லி 1981 மே 11 அன்று புற்றுநோயால் மயாமியில் இறந்தார். ஆஸ்டன் குழுவைக் கலைக்கவில்லை. ஐவரி கோஸ்ட் நாட்டுப் பாடகர் ஆல்ஃபா பிளாண்டி கிங்ஸ்டனுக்கு வந்து 1986இல் வெளியிட்ட ‘ஜெருசலேம்’ தொகுப்புக்கு வெய்லர்ஸ் வாசித்தார்கள்; ஆப்பிரிக்க ரெகேயின் வளர்ச்சியில் அது முக்கியமான பதிவு. 1987 ஏப்ரல் 17 அன்று கார்ல்டன் கிங்ஸ்டனில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது 36 வயது. அதே ஆண்டு செப்டம்பரில் பீட்டர் டாஷும் கொல்லப்பட்டார். தம்பி இல்லாமல் வேறு டிரம்ஸ் கலைஞர்களோடு ஆஸ்டன் பல பத்தாண்டுகள் உலகம் சுற்றி வாசித்தார். அந்த நிகழ்ச்சிகளின் பதிவுகள் நன்றாகவே இருக்கின்றன; ஆனாலும் 1970களின் பதிவுகளில் இருக்கும் பிணைப்பை அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

இப்போது வழக்கு. 2006இல் ஆஸ்டன், தமக்கும் மறைந்த தம்பிக்கும் சேர வேண்டிய உரிமைத்தொகை தரப்படவில்லை என்று சொல்லி, ஐலண்டின் உரிமையாளரான யுனிவர்சல் நிறுவனத்தின் மீதும் மார்லி குடும்பத்தின் மீதும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்காடினார். கோரிக்கையின் மதிப்பு 6 கோடி பவுண்டு என்று செய்தித்தாள்கள் எழுதின. இசைத்தட்டு விற்பனையில் குழுவுக்கு உள்ள பங்கு ஒன்று, சில பாடல்களில் இணை ஆசிரியர் என்ற உரிமை இன்னொன்று என இரண்டு வகைக் கோரிக்கைகள் அதில் இருந்தன. நீதிபதி லூயிசன் இரண்டையும் தள்ளுபடி செய்தார். 1994இல் ஏற்பட்ட ஒரு சமரச உடன்பாட்டில், ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு மேற்கொண்டு உரிமை கோருவதில்லை என்று ஆஸ்டன் ஏற்றிருந்தார் என்பது தீர்ப்பின் முக்கிய ஆதாரம். சட்டப்படி பார்த்தால் கையெழுத்திட்ட ஆவணத்தைத் தாண்டி நீதிபதி போயிருக்க முடியாது என்றே நானும் நினைக்கிறேன். எனினும் அந்தத் தீர்ப்பைக் கொண்டு அவர் வெறும் கூலிக்கு வாசித்தவர் என்று முடிவு கட்டுவது தவறு. காப்புரிமைச் சட்டம் நடைமுறையில் பாட்டு என்று கருதிவந்தது சொற்களையும் குரல் மெட்டையும்தான். கிங்ஸ்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாட்டு என்பது அப்படி உருவாகவில்லை. மார்லி கிதாரோடு ஒரு வரியைக் கொண்டுவருவார், கூடத்தில் இருப்பவர்கள் வாசித்து வாசித்து அதைப் பாடலாக்குவார்கள்.

பெயர்ப் பட்டியலையும் முழுக்க நம்ப முடியாது என்பது இதில் இன்னொரு சிக்கல். ‘ஹூ த கேப் ஃபிட்’ பாடலின் ஆசிரியர்களாகப் பேரட் சகோதரர்கள் இருவர் பெயரும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ‘வார்’ பாடலில் ஆலன் கோல், கார்ல்டன் பேரட் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அதன் சொற்களில் பெரும்பகுதி எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி 1963இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆற்றிய உரை. பழைய பதிப்பு ஒப்பந்தம் ஒன்றில் சிக்காமலிருக்கவே மார்லி தம் பாடல்களுக்கு நண்பர்களின் பெயர்களைப் போட்டார் என்பது பரவலான கருத்து. ஆக, எழுதாதவர் பெயர் இருக்கலாம், ஆக்கியவர் பெயர் இல்லாமல் போகலாம். செவி ஒன்றே இங்கே நம்பத்தக்க சாட்சி.

பட்டங்கள் தாமதமாக வந்தன. 2012இல் பேஸ் பிளேயர் இதழ் வாழ்நாள் சாதனை விருது வழங்கியது. 2021இல் ஜமைக்கா அரசு ‘ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன்’ விருதளித்தது. 2024 பிப்ரவரி 3 அன்று, 77ஆம் வயதில், மயாமியில் அவர் காலமானார். பதினொரு நாள் கழித்து வெளியான மார்லி வாழ்க்கைத் திரைப்படத்தில் ஆஸ்டனாக நடித்திருப்பவர் அவருடைய மகன் ஆஸ்டன் பேரட் ஜூனியர். வெய்லர்ஸ் குழுவை இப்போது நடத்துபவரும் அவரே.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த சுரம் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் கொண்டது; சிறிய ஒலிபெருக்கிகளால் அதை எழுப்பவே முடியாது, எனவே ஆஸ்டனை முற்றிலும் தவறவிட்ட பாடலைத்தான் கேட்பீர்கள். நல்ல ஹெட்ஃபோன் போதும். முதலில் ‘லிக்விடேட்டர்’, பிறகு ‘ஸ்மால் ஆக்ஸ்’, அதன் பின் லைசியம் அரங்கப் பதிவு முழுவதும், அடுத்து ‘எக்ஸோடஸ்’ தொகுப்பு என்ற வரிசையில் போகலாம். கடைசியாக, 1980இன் ‘அப்ரைசிங்’ தொகுப்பில் ‘குட் யூ பி லவ்ட்’ பாடலையும், மார்லி தனியே கிதாரோடு பாடிய ‘ரிடெம்ப்ஷன் சாங்’ பாடலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் ஆஸ்டன் இல்லை. அது மகத்தான பாடல்தான். ஆனால் அதை ரெகே என்று யாரும் சொல்வதில்லை.